இடது பக்கத்துக் கூம்பு

லிஃப்ட் மெக்கானிக் வேலையில் உடம்பு அலுப்பதற்கு முன்னால் காது அலுத்துவிடும். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் ஓடும் சின்ன அறைக்குள் குனிந்து நின்று, பிரேக் விடுகிற சத்தம் எது, பேரிங் உராய்கிற சத்தம் எது என்று பிரித்துக் கேட்டுக் கேட்டே அவருடைய பாதி ஆயுள் போயிருந்தது. சாயங்காலம் வீடு திரும்பினால் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தாலே போதும் என்றிருக்கும்.

ஆனால் பாட்டு வேண்டும். அதுவும் பெரிதாக வேண்டும். அவருடைய மச்சினனுக்கு இது தெரியும். மனைவியின் ஒரே தம்பி. இடிக்கிற கட்டடங்களில் பழைய சாமான் எடுத்து விற்பவன். ஒரு சினிமாக் கொட்டகையை இடித்தபோது, திரைக்குப் பின்னால் இருந்த இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களை யாருக்கும் விற்காமல் அத்தானுக்கென்று ஒதுக்கிவைத்தான். இரண்டும் ஆளையே விழுங்குகிற மாதிரி வாயகன்ற இரும்புக் கூம்புகள். பின்னால் ஒலியைக் கிளப்பும் கனத்த உருண்டை ஒன்று திருகி மாட்டியிருந்தது. மூச்சு வாங்க மாடியேற்றி, ஒன்றைக் கூடத்தின் இடது சுவரில் சட்டம் அடித்து மாட்டினார்கள். மற்றது வலது பக்கம் அலமாரியின் தலையில் உட்கார்ந்தது.

“இனிமே நாம ரெண்டு பேரும் வாசல்லதான் குடித்தனம் பண்ணணும்” என்றாள் மனைவி.

முதல் நாள் பரவசத்தில் ஒன்றும் தெரியவில்லை. போகப்போகத்தான் உறுத்தியது. வலது பக்கம் கண்ணாடி மாதிரி கேட்டது. இடது பக்கம் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது.

“எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது” என்றாள் மனைவி.

“உனக்கென்ன தெரியும்? நான் சத்தத்தை வெச்சுப் பிழைக்கிறவன்.”

ஆம்ப்ளிஃபயரில் கோளாறோ என்று ஒயரை மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் இடது பக்கம்தான் மங்கல். அப்படியானால் கூம்பில்தான் குறை. உருண்டையின் முதுகில் தடை பதினாறு ஓம் என்று பொறித்திருந்தது. மீட்டரை வைத்தால் பதினொன்று காட்டியது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. வலது பக்கத்தில் மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. உடனே மச்சினனுக்குப் போன் போட்டார்.

“செத்துப்போனதை என் தலையில கட்டிட்டியேடா. வெளியில விலை போகலைன்னா வீட்டு மனுஷன்தான் கிடைச்சானா?”

மச்சினன் “சரி அத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்காவின் போனையும் எடுக்கவில்லை. அவள் கணவனிடம் இதைப் பற்றிச் சண்டை போடவில்லை. சண்டை போடத் தெம்பில்லாதவள்போல் பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

இடது உருண்டையை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கடைக்குப் போனார். கடைக்காரம்மா அவர் சொன்னதைப் பாதி கேட்கும்போதே கையமர்த்தினாள்.

“அந்தப் பதினாறு சும்மா ஒரு கணக்குக்குப் போட்டது சார். உங்க மீட்டர் காட்டுறது வெறும் கம்பியோட தடை. பாட்டு ஓடும்போது, கனமான சத்தத்துக்கு ஒரு தடை, கீச்சுன்னு வர்றதுக்கு வேற தடை. அதுக்குப் பேருதான் இம்பீடன்ஸ். அதை ஒத்தை நம்பர்ல சொல்ல முடியாது. படம் போட்டுத்தான் பார்க்கணும்.”

அந்த மாடலுக்குக் கம்பெனி வெளியிட்ட படத்தின் நகலைத் தேடி எடுத்து நீட்டினாள். இடமிருந்து வலமாக, கனத்த ஒலியிலிருந்து மெல்லிய ஒலி வரை ஒரு கோடு சின்னச் சின்ன அலைகளாக ஏறி இறங்கிப் போனது. கோடு உயர்கிற இடத்தில் தடை அதிகம், தாழ்கிற இடத்தில் குறைவு. அவர் கொண்டுவந்த உருண்டையை ஒரு சின்னப் பெட்டியோடும் லேப்டாப்போடும் இணைத்தாள். திரையில் வந்த கோட்டில் அலை இல்லை. பனைமரம் மாதிரி ஒற்றை மேடு நின்றது.

“பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே, கெட்டுப்போச்சு!”

“கூம்பு எங்கே?”

“வீட்ல.”

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “கூம்பு இல்லாம இது வெறும் காத்துல துள்ளும் சார். அந்தத் துள்ளல்தான் அந்த மேடு. கூம்போட பூட்டினா உள்ளே இருக்கிற காத்து இதை இழுத்துப் புடிக்கும். மேடு அமுங்கி அலையா ஆயிடும். சுமை இருந்தாத்தான் இது ஒழுங்கா நடக்கும்.”

“அது எனக்குப் பொருந்தலையேம்மா” என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள். கூம்பைச் சுமந்து வரமுடியாது என்பதால் விடுமுறை நாளில் வீட்டுக்கே வருவதாகச் சொன்னாள்.

சொன்னபடி வந்தாள். வலது பக்கத்தை அளந்ததும் திரையில் நீலக் கோடு வந்தது, கம்பெனிப் படத்தில் இருந்த அதே அலைகள். உருண்டையைத் திருகி மாட்டி இடது பக்கத்தை அளந்தபோது சிவப்புக் கோடு மெல்ல ஊர்ந்து, நீலத்தின் மேலேயே ஏறிப் படுத்தது. மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் ஒன்றாக இருந்தது.

“உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகியிருந்தா, அதிர்ற தகடு கிழிஞ்சிருந்தா கோடு இப்படி ஒட்டாது. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு” என்றாள் கடைக்காரம்மா.

“அப்புறம் ஏன் மங்கலா கேக்குது?”

அவள் மனைவியின் முகத்தைப் பார்த்தாள். மனைவி டீ டம்ளரைப் பார்த்தாள்.

கடைக்காரம்மா போன பிறகு பாட்டை ஓடவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, நாற்காலியை அப்படியே திருப்பிப் போட்டு, கூம்புகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இப்போது அலமாரிமேல் இருந்த கூம்பு மங்கலாகக் கேட்டது. சுவரில் இருந்தது கண்ணாடியாகக் கேட்டது.

மோட்டார் அறையின் வாசல் எப்போதும் குறுகல். குனிந்து நிற்கும்போது அவருடைய இடது காதுதான் மோட்டாரைப் பார்த்திருக்கும். போன மாதம் ஒரு அடுக்குமாடியின் காவலாளி, “மேல கீச்சு கீச்சுன்னு கேக்குது சார்” என்று சொன்னது நினைவுக்கு வந்தது. மேலே போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அவனைக் கடிந்துகொண்டு வந்திருந்தார்.

காது டாக்டரும் ஒரு படம்தான் காட்டினார். அதைப் படிக்க யாரும் அவருக்குச் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை. வலது காதின் கோடு ஓரளவு நேராகப் போனது. இடது காதின் கோடு கீச்சு ஒலிகளின் பக்கம் போகப்போகச் சரிந்து கீழே விழுந்தது. இப்படிப் படம் பார்க்கக் கற்றது இதற்குத்தானா என்று கசந்தது. போனது திரும்பாது, கருவி மாட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

மறுநாளே இன்னொரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அந்த அடுக்குமாடிக்குப் போனார். அவன் மோட்டார் அறை வாசலில் நுழையும்போதே “பேரிங் போச்சு” என்றான். மாற்றினார்கள். காவலாளியிடம், “நீ சொன்னது சரிதான்பா” என்றார். பிறகு சூப்பர்வைசரிடம் போய், “சத்தம் கேட்டுச் சொல்ற வேலை இனிமே எனக்கு வேண்டாம் சார். கதவு வேலை எதையாவது குடுங்க” என்றார். சூப்பர்வைசர் ஏன் என்று கேட்டார். இவர் சொன்னார். அவ்வளவுதான், இத்தனை வருஷ உத்தியோகம் நாலு வார்த்தையில் இடம் மாறிவிட்டது.

மச்சினனிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. அவனுடைய சாமான் கிடங்குக்கே போனார். பழைய ஜன்னல்களை அடுக்கிக்கொண்டிருந்தவன் இவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டான்.

“வேணாம்னா நானே வந்து எடுத்துக்கிறேன் அத்தான். இதுக்கு ஏன் இவ்வளவு தூரம்?”

“கூம்புல ஒண்ணும் இல்லடா. என் காதுலதான். அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே.”

அவன் கிட்டே வந்தான். “எந்தக் காது?”

“இடது.”

ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டு அவரை உட்காரவைத்தான். “நீங்க திட்டினது கூடப் பரவாயில்ல அத்தான். விலை போகாததைக் குடுத்தேன்னு சொன்னீங்களே, அதுதான். நல்ல விலைக்குக் கேட்டான் ஒருத்தன்.”

“தெரியாதுடா.”

“எப்படித் தெரியும்? நான் சொல்லலையே.”

“வீட்டுக்கு வாடா. உங்கக்கா முகத்தைப் பார்க்க முடியல.”

“இன்னிக்கு லோடு இறக்கணும். நாளைக்கு வரேன்.”

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். இறங்கவேண்டிய இடம் தாண்டிப்போய், கண்டக்டர் எழுப்பி, வந்த வழியே நடந்தார். கால் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. கதவைத் திறந்த மனைவி, என்ன சொன்னான் என்று கண்ணாலேயே கேட்டாள்.

“நாளைக்கு வரேன்னான்.”

அவள் அந்த நிமிஷமே போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் எடுத்துவிட்டான் என்பது அவளுடைய குரலிலேயே தெரிந்தது. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க நிற்காமல் அவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.