வெட்டிப் போட்ட எருக்கு

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்குப் பெயர் சிடுமூஞ்சி அத்தை. வைத்தது குழந்தைகள்தான். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் ஒரு நாளும் குழந்தைகள் மேல் வந்ததில்லை. தையல் கம்பெனியில் மேற்பார்வையாளனோடு சண்டை, அதற்கடுத்த மருந்துக்கடையில் முதலாளியோடு சண்டை என்று வேலைகளை விட்டு விட்டு, கடைசியில் இங்கே வந்து நிலைத்தாள். "இங்க இருக்கறதுங்க மட்டும்தான் கேட்ட கேள்விக்குப் பதில் வர்ற வரைக்கும் விடமாட்டேங்குதுங்க, என்ன மாதிரியே" என்பாள்.

மாலை ஆனால் வாண்டுகளை வரிசையாக மதில் ஓரத்துக்குக் கூட்டிப்போவாள். அங்கே எருக்கஞ்செடிகள் புதர் மண்டிக் கிடந்தன. பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் எல்லோரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிய வேண்டும். இலையை அரிக்கும் வரிவரிப் புழுக்களை அப்படித்தான் அவர்கள் பார்த்தார்கள். புழுக்கள் தலைகீழாகத் தொங்கிப் பச்சைக் கூடாக மாறியதையும் பார்த்தார்கள்.

"அத்தே, உள்ள அது தூங்குதா, செத்துப்போச்சா?" என்றாள் எப்போதும் முன்னால் நிற்கும் பல்லில்லாத சிறுமி.

"எனக்கும் தெரியாது. வெளிய வந்ததும் அதையே கேளு."

கூடு தொங்கிய தண்டுகளில் அடையாளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டினாள். வெள்ளிக்கிழமை கூடுகள் கறுத்துவிட்டன. உள்ளே மடித்த இறக்கை தெரிந்தது. நாளைக்கு வந்துவிடும் என்று சொன்னதும் ஒருவருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை.

மறுநாள் காலை குழந்தைகள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். புதர் அப்படியே நின்றது. நூல் கட்டிய தண்டுகள் மட்டும் இல்லை. அடியோடு வெட்டப்பட்ட இடத்தில் வெள்ளையாகப் பால் கசிந்து காய்ந்திருந்தது. குப்பை லாரி விடியற்காலையிலேயே வந்து போய்விட்டது.

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. தோட்டக்காரரைப் போய்ப் பிடித்தாள்.

"என்கிட்ட ஏம்மா கத்தறே? விஷச்செடின்னு யாரோ புகார் பண்ணாங்களாம், வெட்டுன்னாரு செகரட்டரி. எதைங்கன்னு கேட்டேன். மாடியில நின்னுக்கிட்டே, நூல் கட்டி அடையாளம் வெச்சிருக்கு, தெரியலயான்னாரு."

குடியிருப்போர் சங்கச் செகரட்டரி லுங்கியோடு இறங்கி வந்தார். "அட, வெட்டறதுக்குத்தானே நூல் கட்டுவாங்க? எந்த ஊர்லயும் வழக்கம் அதுதானே?"

"கீழ இறங்கி வந்து ஒரு வார்த்த கேட்டா உங்க கால் தேஞ்சுடுமா?"

"புழுவுக்குப் போயி இந்தக் குதி குதிக்கறியே! காத்துல ஒடஞ்சுபோச்சுன்னு பசங்ககிட்ட சொல்லிட்டுப் போவியா..."

"பொய் சொல்லணும்னா நீங்களே சொல்லுங்க. அதோ நிக்குதுங்க."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அத்தனை கண்களும் அவரையே பார்த்தன. அவர் லுங்கி முடிச்சைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

அவள் குழந்தைகள் பக்கம் திரும்பினாள். நூலைக் கட்டியது தன் கைதான் என்பது அவள் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது. "வெட்டச் சொன்னது இவரு. வெட்டினது தோட்டக்கார மாமா. வெட்டற அடையாளம் மாதிரி நூல் கட்டினது நான். பட்டாம்பூச்சி வராது."

பல்லில்லாத சிறுமியின் உதடு பிதுங்கியது. "உன் மேல கோவமா இருக்கலாமா, அத்தே?"

"இரு."

"எவ்ளோ நேரம்?"

"உனக்குப் போதும்னு தோணற வரைக்கும்."

செகரட்டரி களுக்கென்று சிரித்துவிட்டார். அவள் சடாரென்று திரும்பினாள்.

"நீங்க சிரிக்காதீங்க. எனக்கு உங்க மேல இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."