வியர்வை நின்ற இடம்

சித்தப்பா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டபோது காலைதான். அதற்குள் வெயில் சுள்ளென்று இறங்கி, தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்திருந்தது. எண்பதுகளின் தொடக்கம், கத்திரியின் உச்சம். பௌர்ணமி நிலவில் சனங்கள் சுற்றி வரும் மலையை அவர் பகலில் சுற்றப் போகிறார். மகனுக்கு மஞ்சள் காமாலை முற்றியபோது வேண்டிக்கொண்டது அது: பையன் பிழைத்தால் கத்திரி வெயிலில், வெறுங்காலில், பல்லில் தண்ணீர் படாமல் கிரிவலம். பையன் பிழைத்துவிட்டான். தெருமுனையில் மாங்காய்க்குக் கல் எறிந்துகொண்டிருந்தான்.

நானும் சித்தியும் துணைக்குப் போனோம். நான் அப்போது கல்லூரியில் முதல் வருஷம். கல்லூரி முகாமில் முதலுதவி வகுப்பு முடித்திருந்த சூடு. யாராவது மயங்கி விழமாட்டார்களா என்று ஊரையே பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

"சித்தப்பா, உப்புப் போட்டு மோராவது ஒரு வாய்..."

"மோருல தண்ணி இல்லாம வேற என்னா இருக்கும்? பேசாம நடங்க டாக்டரம்மா."

செங்கம் சாலையில் தார் இளகிக் கிடந்தது. ஓரத்து மண்ணில், ஒரு புளியமரத்து நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு எட்டி எட்டி நடந்தோம். ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. வழியில் இருந்த குளங்கள் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. கானலில் மலையே அசைவது போலிருந்தது. சித்தப்பாவின் சட்டையில்லாத முதுகில் வியர்வை வழிந்து வேட்டியை நனைத்தது. அது வழிகிறவரை பெரிய பயமில்லை என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் சாமியைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை; அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அடி அண்ணாமலை ஊரை நெருங்கும்போது முதுகு காய்ந்திருந்தது. வியர்வை வழிந்த இடமெல்லாம் உப்பு வெள்ளைக் கோடுகளாகப் பூத்திருந்தது.

"பாத்தியாடி, வேர்வையே நின்னுடுச்சி!" சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணாமலையாரே குளுர வெச்சிட்டாரு."

அவர் தோளைத் தொட்டேன். தோசைக்கல்லில் கை வைத்தது போல இருந்தது.

"குடையை எடும்மா, மழை பெரிசா வருது," என்றார் சித்தப்பா. வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை. அடுத்த அடியில் கால் பின்னிக்கொண்டது.

பக்கத்து வயலில் ஒரு கிணறு. அவரை அணைத்துப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்தேன். சித்தி குறுக்கே வந்து நின்றாள்.

"தண்ணி கிட்ட கொண்டு போவாத! ஒரு சொட்டு உள்ள போனா எம்புள்ளைக்குத் திரும்பி வந்துடும்டி!"

"குடிக்க நானே குடுக்க மாட்டேன் சித்தி. நெனவு தப்பினவருக்குக் குடுத்தா பொரையேறிடும். குளிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கலையே?"

சித்தி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகி, கிணற்றுக் கயிற்றை அவளே பிடித்தாள். அவரை மரநிழலில் கிடத்தினோம். தலையிலும் மார்பிலும் கழுத்திலும் அக்குளிலும் சித்தி ஊற்ற ஊற்ற, நான் ஈரத் துண்டால் விசிறினேன். ஒவ்வொரு வாளிக்கும் சித்தி உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"மூச்சு முட்டப் போவுது, மூக்கை விடு சித்தி!"

வயல்காரர் மாட்டு வண்டியைப் பூட்டினார். ஈரத்துணி போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் சாயங்காலம்தான் சித்தப்பா ஆளை அடையாளம் கண்டு பேசினார். கையில் ஏறும் பாட்டிலைக் காட்டி, "இது?" என்றார்.

"அது ஊசி வழியா போவுது. பல்லுல படலை," என்றாள் சித்தி.

"சுத்தி முடிச்சனா?"

சித்தி போர்வையை இழுத்து அவர் பாதங்களை மூடினாள்.

மார்கழியில் முடித்துவிடலாமே என்று எவ்வளவோ சொன்னேன். "வேண்டிக்கினது கத்திரி," என்பார், அதோடு பேச்சு நின்றுவிடும். இடையில் பையனுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் போதும், வீட்டில் எல்லோரும் அவன் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பார்கள்.

அடுத்த வருஷம் கத்திரி பிறந்த காலையில் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. சித்தப்பா தெருவில் இறங்கிவிட்டிருந்தார். சித்தி நிறைகுடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள்.

"முதுகையே பாத்துக்கினு போ. காஞ்சா ஊத்து."

ஓடி அவரை எட்டிப் பிடித்தேன். வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. முதுகில் இன்னும் ஒரு துளிகூட அரும்பவில்லை.