கோப்பு இருக்கிறது, டெஸ்டுக்குத் தெரியவில்லை

நாங்கள் கதைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றுமில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போன சிநேகிதி முதலில் ஞாயிறுதோறும் போன் எடுத்தாள், பிறகு எப்போதாவது எடுத்தாள், பிறகு நின்றுபோனது. காரணமில்லாமல் நானாக எடுக்க என் ரோசம் விடவில்லை. அவளுடைய குரலைக் கேட்க எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அவள் போகும்வரை ஒரே கம்பனியில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்து கைபேசிச் செயலிகள் எழுதினோம். அந்த அறையில் தமிழ் கதைக்க எங்களை விட்டால் ஆளில்லை. கூட்டங்களில் ஆங்கிலம், சாப்பாட்டு நேரத்தில் சிங்களம், பிழை வந்தால் மட்டும் தமிழ். ஒருத்தி பிழையை உரத்து வாசிக்க வேண்டும், மற்றவள் குறுக்குக்கேள்வி கேட்க வேண்டும். பாதிப் பிழைகள் வாசிக்கும்போதே அகப்பட்டுவிடும்.

ஒரு பிழையை மட்டும் நான் வாசித்ததே இல்லை. செயலியின் சின்னச் சின்னத் துண்டுகளைத் தனித்தனியே ஓட்டிப் பார்க்கும் டெஸ்டுகள் இருக்கின்றன அல்லவா, அவை சில நாள் "மொடியூலைக் காணவில்லை" என்று, அதாவது தேவையான கோப்பு கிடைக்கவில்லை என்று, சிவப்பாய் விழும். "இஞ்ச வாடி" என்பேன். கதிரையை உருட்டிக்கொண்டு வந்து, என் கையைத் தட்டிவிட்டு, ஏதோ ஒரு வரி அடிப்பாள். நான் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். திரும்பி வந்தால் எல்லாம் பச்சையாக இருக்கும்.

போன வாரம் அந்தச் சிவப்பு மறுபடி வந்தது. அன்று வெள்ளவத்தை வீட்டிலிருந்து வேலை. என் மாற்றங்களை அனுப்பிய கையோடு, "அக்கே, டெஸ்ட் ஒக்கோம ஃபெயில் நே" என்று அலுவலகத்துப் பொடியன் ஒருவன் சிங்களத்தில் செய்தி போட்டான். ஒன்று விடாமல் எல்லாம் விழுந்திருந்தன. செயலியோ என் போனில் சமர்த்தாக ஓடுகிறது. கோப்பு கண் முன்னாலேயே இருக்கிறது. டெஸ்ட் மட்டும் அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று அடம்பிடிக்கிறது. பக்கேஜ்களை அழித்து மறுபடி ஏற்றினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் வெறும் அறைக்குப் பிழையை உரத்து வாசித்தேன். குறுக்கே கேட்க ஒருத்தரும் இல்லை. அழுகை வந்துவிட்டது. டெஸ்டுக்காக யாராவது அழுவார்களா? அவளுக்காகத்தான் அழுதேன்.

ஆனாலும் உள்ளூர ஒரு சந்தோசம். கூப்பிட ஒரு காரணம் கிடைத்துவிட்டதே! கனடாவில் விடியும்வரை காத்திருந்து எடுத்தேன்.

"என்னடி, உயிரோட இருக்கிறியா? பஸ்ஸுக்கு நிக்கிறன், சொல்லு," என்றாள்.

"மொடியூலைக் காணேல்லையாம்," என்றேன். சுகம்கூடக் கேட்கவில்லை.

சிரித்தாள். "புதுசா ஏதும் ஃபோல்டருக்குச் சுருக்கப்பேர் வச்சனியோ?"

"ஓம்."

"அதை ஆப்புக்குச் சொல்லிப்போட்டாய். டெஸ்டுக்கு ஆர் சொன்னது?"

விஷயம் அவ்வளவுதான். நீளமான பாதைகளை எழுதப் பஞ்சிப்பட்டு ஃபோல்டர்களுக்குச் சுருக்கப்பேர் வைப்பது என் பழக்கம். எந்தப் பேர் எந்த ஃபோல்டர் என்று செயலிக்காக ஓரிடத்தில் எழுதுவேன். டெஸ்ட் அந்த இடத்தை எட்டியும் பார்க்காது. அதனுடைய செட்டிங்கில் இன்னொரு தடவை எழுத வேண்டும். நான் பேரை வைத்துவிட்டுப் போக, அந்த இன்னொரு தடவையை இத்தனை வருடமும் எழுதியவள் இவள்.

அந்த வரியை அடித்து ஓடவிட்டேன். பச்சை.

"இவ்வளவும்தானா? ஏன்டி எனக்கு ஒருநாளும் சொல்லித் தரேல்லை?" கோபமாகத்தான் கேட்டேன்.

"சொல்லித் தந்திருந்தா நீ என்னைக் கூப்பிட்டிருப்பியோ?"

இப்போது சொல்லித் தந்துவிட்டாள். இனி இதைச் சாட்டி அவளுக்கு எடுக்க முடியாது. அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "வைக்கட்டே" என்று சொல்லப் போகிறாள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"வேற ஏதும் உடைஞ்சு கிடக்கோ?" என்று கேட்டாள்.

திரை முழுக்கப் பச்சை.

"ஓம், இன்னும் ரெண்டு மூண்டு கிடக்கு," என்றேன்.

நான் பொய் சொன்னால் அவளுக்கு எப்போதும் தெரிந்துவிடும்.

"அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லு," என்றாள். "நான் அடுத்த பஸ்ஸில போறன்."