பெட்டிக்குள் நிற்காத விளக்கு

மீன் தொட்டிச் செடிகளுக்குக் கரியமில வாயு கொடுக்க, சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் கலந்து இரண்டு பாட்டில்களில் ஊற்றி, தொட்டியை ஒட்டியிருக்கும் பெரிய மரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நான்கு நாட்களாகத் தொட்டியில் ஒரு குமிழிகூட வரவில்லை.

ஈஸ்ட் செத்துவிட்டதென்று புதிதாகவும் கலந்து பார்த்தேன். பாட்டிலுக்குள் நுரை பொங்குகிறது. ஆனால் அங்கிருந்து தொட்டிக்குப் போகும் குழாயின் முனையில் ஒன்றுமே இல்லை.

இன்று காலை பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். போர்வெல் ரிக் லாரியில் வேலை செய்பவர்.

"அப்ப அந்தக் காத்தெல்லாம் எங்கீங்க போவுது?" என்றார்.

அவர் சாமி படத்தின் முன்னிருந்த அகல் விளக்கை ஏற்றி, பெட்டி மூடியைத் திறந்து, மெதுவாக உள்ளே இறக்கினார்.

அணைந்தது.

மறுபடி ஏற்றி இறக்கினார். யாரோ உள்ளே உட்கார்ந்து ஊதியதுபோல மறுபடியும் அணைந்தது. மின்விசிறிகூட ஓடவில்லை.

"பழைய கெணத்துல எறங்கறதுக்கு முந்தி இப்படித்தானுங்க பாப்போம். வெளக்கு அணைஞ்சா உள்ள மூச்சு முட்டிரும்னு ஆரும் எறங்க மாட்டோம். உங்க பாட்டில் மூடிதான் ஒழுவுது, காத்தெல்லாம் பெட்டிக்குள்ளயே தங்கிப்போச்சுங்க."

பின்னால் நின்ற என் மகள் சொன்னாள்: "அதுக்குள்ள ஒளிஞ்சா தூக்கம் தூக்கமா வருதுன்னு அன்னைக்கே சொன்னேன்லப்பா?"

சொன்னாள்தான். "வந்தா தூங்கு சாமி" என்று நான்தான் சிரித்தேன்.

பாட்டில் மூடியை ஒட்டிவிட்டேன். குமிழி அழகாக வருகிறது. அண்ணன் தூக்கிப்போய் வைத்த பெட்டி மொட்டை மாடியில், மூடி கழற்றிக் கிடக்கிறது. நான்தான் இன்னும் அதன் பக்கம் போகவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே ஒளிகிறார்கள்? லைக் அப்புறம் போடலாம், முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.