செத்த குதிரைகள்

சிங்காநல்லூர் லேத் பட்டறையில் வேலை பார்த்தபோது, முதலாளி மகனும் நானும் ஈயச் சிப்பாய் பொம்மைகளை வைத்துப் போர் ஆடுவோம். அவரிடம் மூன்று விதிப் புத்தகங்கள் இருந்தன. காட்டுச் சண்டைக்கு ஒன்று, வெட்டவெளிச் சண்டைக்கு ஒன்று, கோட்டை முற்றுகைக்கு ஒன்று. அவர் படித்துச் சொல்வார். மூன்றையும் ஒரே போராகக் கோத்தது நான். ஒரு சண்டையில் செத்தவன் அடுத்ததில் எழுந்து வரக்கூடாது. அதுதான் என் விதி. அவரும் தலையாட்டினார். அந்த விதி இருந்ததால்தான் எனக்கு அந்த ஆட்டம் போராகத் தெரிந்தது.

காட்டுச் சண்டையில் அவருடைய குதிரைப்படை முழுவதும் செத்தது. அடுத்த ஞாயிறு, வெட்டவெளிச் சண்டைக்குப் போனால் மேசையில் அத்தனை குதிரையும் நிற்கிறது.

"ஏனுங்க, இதெல்லாம் செத்துப்போச்சுங்களே?"

"அது வேற புஸ்தகம், இது வேற புஸ்தகம். குதிரை இல்லாம என்னடா சண்டை? வேணும்னா உன்ற செத்த ஆளுகளையும் எடுத்து வெச்சுக்க."

வேடிக்கை பார்க்க வந்த அவர் சிநேகிதர் சிரித்தார். "சாமி வரங் குடுத்துட்டாரு, எந்திரிக்கச் சொல்லு!"

நான் எடுத்து வைக்கவில்லை. மிச்சம் இருந்தவர்களை வைத்தே ஆடித் தோற்றேன்.

"அடுத்த வாரம் கோட்டை. வந்துரு" என்றார் முதலாளி மகன்.

"சரிங்க" என்றேன். போகவில்லை. பல வருடம் அதே பட்டறையில்தான் இருந்தேன். கோட்டைக்கு அவருக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது. ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை.