எந்தக் கடையில் பற்று வைப்பது

கல்யாணமாகி சாமல்பட்டிக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், எந்தக் கடையில் பற்று வைப்பது என்று முடிவு செய்ததுதான். அவர் ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளம் பார்க்கிற வேலை. சம்பளம் மாதம் ஒருமுறை வரும், பசி தினமும் வரும். கடைப் பற்று இல்லாமல் அங்கே எந்தக் கேங்மேன் வீட்டிலும் உலை கொதித்ததில்லை.

ஊரில் இரண்டு மளிகைக் கடைகள். ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கடைக்காரர் சிரித்துச் சிரித்துப் பேசுவார். எது கேட்டாலும் கொடுப்பார், எப்போது தருவாய் என்று கேட்கவே மாட்டார். கடைசித் தெருவில் இருந்தவர் தெலுங்குக்காரர், கடுகடு முகம். சம்பளத்தன்று பழைய பாக்கியை முழுக்கக் கட்டினால்தான் அவரிடம் அடுத்த மாதச் சாமான். காபித்தூளும் முறுக்கும் கடனுக்குக் கிடையாது.

என் வீட்டுக்காரருக்குச் சிரிக்கிற கடைதான் பிடித்தது. நான் இரண்டு கடையிலும் போய் நின்று பார்த்தேன். சிரிக்கிறவர் கைக்காசு கொடுத்தவர்களுக்கு ராகியைக் கும்பாரமாக அளந்தார். பற்றுக்காரர்களுக்கு அதே படியை உள்ளங்கையால் வழித்துவிட்டுக் கொட்டினார். வட்டி என்ற பேச்சே அவர் வாயில் வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. தெலுங்குக்காரர் எல்லோருக்கும் ஒரே மாதிரி அளந்தார். நான் அங்கே பற்று வைத்தேன். கடன் கொடுக்கிறவனிடம் வசவு வாங்கவா போகிறாய் என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முணுமுணுத்தார். முணுமுணுத்தால் வயிறு நிறையுமா என்று கேட்டேன்.

ராகி, உப்பு, பருப்பு, மண்ணெண்ணெய் இவை மட்டும் பற்றில். வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டுமென்றால் கையில் காசு இருக்கும்போது வாங்குவோம். சம்பளம் வந்த அன்றைக்கே கடைக்குப் போய்விடுவேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று இவர் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள், நான் அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். கல் நெஞ்சுக்காரி என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததே தவிர உறைக்கவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

காரியம் முடிந்ததும் நாட்றாம்பாளையத்திலிருந்து வந்திருந்த என் அண்ணன், வீட்டைக் காலி செய்துவிட்டுக் கூட வரச் சொன்னான். அண்ணி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே போனால் பிள்ளைகள் ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மில்லில் நிலக்கடலை உடைக்கிற வேலை எனக்குக் கிடைத்திருந்தது, வாரக்கூலி. ஆனால் பானையில் ராகி இல்லை. முதல் கூலி வரும்வரை கடைக்காரர் கொடுத்தால் இருக்கலாம், இல்லையென்றால் அண்ணனோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

பற்று அவர் பேரில் இருந்தது. செத்தவன் பேரில் எவன் கடன் கொடுப்பான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைக்குப் போய், சம்பளம் நின்றுவிட்டது, இனி வாரக்கூலிதான் என்று மறைக்காமல் சொன்னேன்.

கடைக்காரர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "இத்தன வருசம் வாங்கினது நீதானம்மா, குடுத்ததும் நீதான். இனிமே உம் பேர்ல இருக்கட்டும். வாராவாரம் குடு. முன்ன மாதிரியே அளக்கட்டுமா?"

இருக்கிற கூலிக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று வரும் வழியெல்லாம் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். அந்த நினைப்பிலேயே சொன்னேன்.

"வேணாங்கண்ணா. ராகி பாதி போதும். நல்லாச் சாப்புடறவரு போயிட்டாரு."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று தெரிந்தது. கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், அழுகை நிற்கவே இல்லை. கடைக்காரர் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சாமான் கொடுத்துக்கொண்டிருந்தார்.