பாவிப்பில் உள்ளது

போன மாதம் திருகோணமலைக்குப் போயிருந்தேன். ஓர்ஸ் ஹில்லில் இருந்து துறைமுகப் பக்கம் இறங்குகிற தெருவில், முள்ளுக்கம்பி அடித்த வெறுங்காணி ஒன்றில் பலகை தொங்கியது: 'பாவிக்கப்படாத காணி. உட்செல்லத் தடை.' எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதேயுங்கள்! எழுபது தாண்டிய மனிசன் நடுத்தெருவில் பலகையோடு சண்டை பிடித்தால் ஊர் என்ன சொல்லும்? வாயை மூடிக்கொண்டேன்.

அந்த இடத்துக்கு 'பாவிக்கப்படாத' என்ற சொல்லை முதன்முதல் கொண்டுபோனவன் நான்தான்.

உலக யுத்த காலம். நான் துறைமுகக் கந்தோரில் தட்டெழுத்தாளன். இன்றைக்கும் தட்டச்சு ரிப்பன் மணத்தால் எனக்கு நடனம் படிப்பித்த பரிமளம் ரீச்சரின் ஞாபகம் வரும். காரணம் இதுதான். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு சனம் கிண்ணியாவுக்கும் இறக்கக்கண்டிக்கும் ஓடிவிட்டது. சாமான் வைக்க இடமில்லாத கடற்படை, ஆள் அனுப்பிப் பார்வையிட்டு, ஒருவரும் புழங்காமல் சும்மா கிடக்கிற 'பாவிக்கப்படாத' கட்டடங்களை எடுக்கப்போவதாக அறிவித்தது. அதைத் தமிழில் அடித்துக்கொண்டு போனால், பட்டியலில் முதலாவதாக நிற்கிறது ரீச்சரின் நடனசாலை.

தகப்பன் விட்டுப்போன உப்புக் கிட்டங்கிக்குச் சீமெந்துத் தரை போட்டு, 'இந்த ஊரில் ஆடுவதற்கென்றே ஒரு கூரை வேண்டும்' என்று ரீச்சர் தொடங்கிய இடம் அது. குடும்பத்துப் பெண் ஆடுவதா என்று மூக்கைச் சுளித்தவர்களும் பிறகு தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வாசலில் 'ஆட்டத்துக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். சொந்த அக்காவின் கலியாணத்துக்கே அவர் மண்டபத்தைக் கொடுக்கவில்லை. அந்த அக்கா கடைசிவரை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ரீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பிள்ளையள் எல்லாம் கிண்ணியாவில. இனி ஆர் ஆடுறது?" என்று கதிரையில் இருந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. சட்டென்று எழும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குக் கால் ரெண்டும் சுகந்தானே?"

எனக்கு ரீச்சரில் விருப்பம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆடலாமென்றால் காலும் வரவில்லை. எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடைக் காசிம் நானாவும் சேர்ந்தார். "நமக்குக் கம்படிச்சி ஆடுற களிக்கம்பு மட்டுந்தான் தெரியும், தங்கச்சி" என்று கம்போடு வந்தார். பின்னேரம் பின்னேரமாகப் பழகினோம். முழங்காலை மடித்து அரைமண்டியில் நான் நின்றால், இருக்கப்போன நேரத்தில் யாரோ கதிரையை இழுத்தது மாதிரி இருக்கும்.

"முகத்தில பாவம் எங்கை?" என்பார் ரீச்சர்.

"என்னைப் பாக்கப் பாவமாத் தெரியேல்லையோ?" என்றேன். அன்று அவர் சிரித்த சிரிப்பு, அட, அதுக்காகவே இன்னும் நாலு குண்டு விழட்டும் என்று நினைத்த பாவி நான்.

பார்வையிட ஆள் வருகிற நாள் கந்தோரில் தெரிந்துவிட்டது. காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு ஆடப் போனேன். வந்து நின்றவர் யார்? எங்கள் கந்தோர்த் துரையேதான்! நான் திகைத்து நிற்க, காசிம் நானாவின் கம்பு என் விரலில் விழுந்தது.

"ஐயோ அம்மா!"

"நிப்பாட்டாதேங்கோ!" என்று ரீச்சர் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். நாங்களும் நிற்கவில்லை. ஆடி முடிந்ததும் துரை என்னிடம் வந்து, காய்ச்சல் எப்படி என்று விசாரித்தார்.

"ஆடினால் வேர்க்கும், வேர்த்தால் குறையும், சேர்" என்றேன்.

மறுநாள் என் மேசைக்கு வந்த பட்டியலில், நடனசாலைக்கு நேரே துரை தன் கைப்பட இங்கிலிசில் ஒரு வரி எழுதியிருந்தார். அதைத் தமிழில் நானே அடித்தேன்: 'பாவிப்பில் உள்ளது.' ரீச்சர் அந்தத் துண்டை வாசலில் ஒட்டிவைத்தார்.

சனம் திரும்பி வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், எங்கள் இருவருக்கும் நன்றி சொல்லி விடை கொடுத்தார் ரீச்சர். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவேயில்லை. காசிம் நானா மௌத்தாகிவிட்டார். ரீச்சரும் இல்லை. கூரையும் சுவரும் எந்தச் சண்டையில் போயினவோ தெரியாது.

போன மாதம் அந்த முள்ளுக்கம்பிக்கு உள்ளே சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது. வாயைத்தான் மூடினேன், கால் கேட்கவில்லை. கம்பிக்குக் கீழால் குனிந்து போய், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அரைமண்டியில் நின்றேன். தெருவில் ஓட்டோ ஒன்று நின்றது.

"என்னய்யா, நாரி பிடிச்சு நிமிர ஏலாமல் நிக்கிறியளோ?"

"இல்லைத் தம்பி, பாவிச்சுக்கொண்டிருக்கிறன்."